படுக்கையும் மூச்சும்
அதிதீவிர சிகிச்சைப் பிரிவில் நோயாளரை ஏன் எழுப்பி இருத்துகிறார்கள்?

அதிதீவிர சிகிச்சைப் பிரிவில் உறவினரைப் பார்த்துவிட்டு வெளியே வருகிறவர்கள் ஒரு மனக்குறையைச் சொல்வதை நாம் அடிக்கடி கேட்டிருக்கிறோம். "வாயில் குழாயோடு கிடக்கிற மனுசனைப் பிடித்துக் கட்டில் ஓரத்தில் இருத்தி வைத்திருக்கிறார்கள். ஆறுதலாகப் படுக்க விடாமல் ஏன் இப்படி வதைக்கிறார்கள்?" என்பதே அது. இந்தக் குறை அன்பினால் வருவது. வருத்தக்காரருக்கு ஓய்வே முதல் மருந்து என்றுதான் எமது பாட்டன் பாட்டியர் காலந்தொட்டு நம்பி வந்திருக்கிறோம். காய்ச்சற்காரரை எழும்ப விடுவதில்லை. சத்திர சிகிச்சை செய்தவரை அசைய விடுவதில்லை.

ஆயினும், கடும் நோயில் நீண்ட நாள் அசையாமல் மல்லாந்து கிடப்பது நுரையீரலுக்குத் தனியாக ஒரு தீங்கைச் செய்கிறது என்பதை மருத்துவ உலகம் இப்போது நன்கு உணர்ந்துள்ளது. நோய் ஒரு பக்கம் தாக்க, படுக்கை மறுபக்கம் தாக்குகிறது. இதனாலேயே, நோயாளரின் நிலை ஓரளவு உறுதிப்பட்டவுடன், அவர் செயற்கைச் சுவாச இயந்திரத்தில் இருக்கும்போதே, அவரைப் படிப்படியாக அசைக்கவும் இருத்தவும் நிறுத்தவும் முயல்கிறார்கள். இதனை "ஆரம்ப அசைவுச் சிகிச்சை" எனலாம்.

வன்னியில் வாழும் எமக்கு இது தூரத்து விடயமல்ல. வயலிலும் குடிசையிலும் பாம்பு தீண்டியவர்கள், பூச்சிகொல்லி நஞ்சு உடலிற் சேர்ந்தவர்கள், ஏ-9 வீதி விபத்துகளில் அடிபட்டவர்கள், எலிக்காய்ச்சலாலும் நியூமோனியாவாலும் மூச்சு முட்டியவர்கள் எனப் பலர் எமது மாவட்டங்களிலிருந்து இப்பிரிவுகளுக்குச் செல்கிறார்கள். அங்கே என்ன நடக்கிறது, ஏன் நடக்கிறது என்பதைக் குடும்பத்தவர் விளங்கிக்கொண்டால், பயம் குறையும். சிகிச்சைக்குத் துணைநிற்கவும் முடியும்.

படுத்தால் நுரையீரலுக்கு என்ன நேர்கிறது?

எமது நுரையீரல்கள் வெறும் காற்றுப் பைகள் அல்ல. முப்பது கோடிக்கும் மேற்பட்ட மிக நுண்ணிய காற்றுச் சிற்றறைகளால் ஆனவை. ஒவ்வொரு சிற்றறையையும் சுற்றி மெல்லிய குருதிக் கலன்கள் உள்ளன. சிற்றறைக்குள் காற்று வரவேண்டும். அதன் சுவரில் குருதி ஓடவேண்டும். இரண்டும் ஒரே இடத்தில் சந்தித்தால்தான் ஒட்சிசன் உடலுக்குள் ஏறும்.

நெஞ்சுக்கும் வயிற்றுக்கும் இடையில் ஒரு கூரைபோலப் பிரிமென்தகடு என்னும் தசை இருக்கிறது. மூச்சு இழுக்கும் வேலையில் பெரும்பகுதியை இதுவே செய்கிறது. நாம் இருக்கும்போதும் நிற்கும்போதும் வயிற்று உறுப்புகள் கீழே தொங்குவதால் பிரிமென்தகடு எளிதாகக் கீழிறங்கும். நுரையீரலின் அடிப்பகுதி விரியும். மல்லாந்து படுத்தால் வயிறு மேல்நோக்கித் தள்ளுகிறது. வளர்ந்தவர் ஒருவர் சாதாரணமாக மூச்சு விட்டபின்னும் நுரையீரலில் எஞ்சி நிற்கும் காற்று, நிற்கும் நிலையிலிருந்து படுக்கும் நிலைக்கு வரும்போது ஏறக்குறைய அரை லீற்றர் முதல் ஒரு லீற்றர் வரை குறைகிறது. சுகதேகிக்கு இது பெரிதாகத் தெரியாது. நுரையீரல் ஏற்கனவே நோயுற்றிருப்பவருக்கு இது பெரும் இழப்பாகும்.

இதை எமது விவசாயிகள் வயலை வைத்தே விளங்கிக்கொள்ளலாம். வயலில் பள்ளமான மூலையில் நீர் தேங்கும். வடிய வழியில்லாவிட்டால் அங்கே பயிர் அழுகும். மல்லாந்து கிடப்பவரின் நுரையீரலில் முதுகுப் பக்கமே பள்ளக்காணி. சளியும் நீரும் அங்கே சேர்கின்றன. மேலேயுள்ள இதயத்தின் பாரமும் அழுத்துகிறது. அந்தப் பகுதிச் சிற்றறைகள் காற்றின்றிச் சுருங்கி ஒட்டிக்கொள்கின்றன. குருதியோ அந்தப் பள்ளத்தையே கூடுதலாக நாடி ஓடுகிறது. காற்று ஒரு பக்கம், குருதி இன்னொரு பக்கம் என்றானால் இயந்திரம் எவ்வளவு ஒட்சிசன் கொடுத்தாலும் முழுப்பயன் கிடைப்பதில்லை.

இத்தோடு தொண்டைக் குழாயும் சேர்கிறது. அந்தக் குழாய் உயிர்காப்பது. ஆனால் அது இருக்கும்வரை நோயாளர் பலமாக இருமிச் சளியை வெளியேற்ற முடியாது. மயக்க மருந்துகள் இருமல் உணர்வையும் மந்தப்படுத்துகின்றன. தேங்கிய சளியிற் கிருமி பெருகினால், வந்த நோயோடு புதிதாக நியூமோனியாவும் சேர்ந்துகொள்ளும்.

வேலையில்லாத தசை மெலியும்

கை முறிந்து சில வாரங்கள் மாக்கட்டுப் போட்டிருந்தவரின் கையைக் கட்டு அவிழ்த்தபின் பார்த்திருப்பீர்கள். மற்றக் கையைவிட மெலிந்து போயிருக்கும். இதே நிலை மூச்சுத் தசைகளுக்கும் வருகிறது. இயந்திரம் முழுக்க முழுக்க மூச்சைத் தள்ளும்போது பிரிமென்தகட்டுக்கு வேலையில்லை.

2008 இல் வெளியான அமெரிக்க ஆய்வொன்றில், மூளைச்சாவடைந்து உறுப்புத் தானம் செய்தவர்களின் பிரிமென்தகடு ஆராயப்பட்டது. 18 முதல் 69 மணித்தியாலங்கள் மட்டுமே அது செயலற்று இயந்திரத்தில் இருந்தும், அதன் தசைநார்கள் சாதாரண அளவிலும் பாதிக்கு மேல் மெலிந்திருந்தன. 2013 இல் பிரித்தானியாவில் இருந்து வெளியான மற்றோர் ஆய்வு, கடும் நோயாளரின் தொடைத் தசையின் பருமன் பத்து நாட்களில் ஏறக்குறைய 18 வீதம் குறைந்ததைக் காட்டியது.

நுரையீரலிற் கிருமி ஒழிந்த பின்னரும் சிலரை இயந்திரத்திலிருந்து விடுவிக்க முடியாமற் போவதற்கு இது ஒரு முக்கிய காரணம். காற்றுப் பை திருந்திவிட்டது. அதை இழுத்து விரிக்கும் தசைக்கு வலுவில்லை. இயந்திரத்தில் நாட்கள் கூடக் கூடத் தசை மேலும் மெலிகிறது. தசை மெலிய மெலிய இயந்திரத்தில் இருக்கும் நாட்களும் கூடுகின்றன. இந்தச் சுழலை இடையில் வெட்டுவதே ஆரம்ப அசைவின் நோக்கம்.

படிப்படியான ஏற்றம்

ஆரம்ப அசைவு என்றதும் குழாயோடு இருப்பவரை இழுத்து நடக்கவைப்பது என்று எண்ணக்கூடாது. அது பல படிகளைக் கொண்ட ஓர் ஏணி.

முதற்படி, கட்டிலின் தலைப்பக்கத்தை 30 முதல் 45 பாகை வரை உயர்த்தி வைத்தல். இதனால் வயிற்றின் அழுத்தம் குறைகிறது. இரைப்பையில் உள்ளது மேலேறி நுரையீரலுக்குள் செல்லும் ஆபத்தும் குறைகிறது. இரண்டாவது, குறித்த நேரத்துக்கு ஒருமுறை பக்கம் மாற்றிப் படுக்க வைத்தல். பள்ளம் மேடாகிறது, மேடு பள்ளமாகிறது. தேங்கிய சளி இடம்பெயர்கிறது. மூன்றாவது, நோயாளர் மயக்கத்தில் இருந்தால் தாதியரோ இயன்மருத்துவரோ அவரது கைகால் மூட்டுகளை மடக்கி நீட்டுதல். நான்காவது, மயக்க மருந்து குறைக்கப்பட்டு நோயாளர் விழித்ததும், "கையை இறுக்குங்கள், காலை உயர்த்துங்கள்" என்று அவரையே செய்யவைத்தல். அடுத்து, கட்டிலில் நிமிர்ந்திருத்தல். பின்னர் கால்களைத் தொங்கவிட்டுக் கட்டில் ஓரத்தில் இருத்தல். பின்னர் நிற்றல், கதிரைக்கு மாறுதல், நின்ற இடத்தில் கால்தூக்கி மிதித்தல், இறுதியாக நடத்தல்.

ஒவ்வொரு படியிலும் நுரையீரலுக்கு ஒரு நன்மை உண்டு. நிமிர்ந்தால் பிரிமென்தகடு கீழிறங்கி நுரையீரலின் அடிப்பகுதி திறக்கிறது. தசைகள் வேலை செய்தால் உடலிற் காபனீரொட்சைட்டு கூடுகிறது. அதை வெளியேற்ற மூச்சு தானாகவே ஆழமாகிறது. யாரும் "ஆழ இழுங்கள்" என்று சொல்ல வேண்டியதில்லை. ஆழமான மூச்சு, ஒட்டிக்கிடந்த சிற்றறைகளைத் திறக்கிறது. நிமிர்ந்திருப்பவரின் இருமலுக்குப் படுத்திருப்பவரின் இருமலைவிட வலு அதிகம்.

கோவிட் காலத்தில் சில நோயாளர்களைக் குப்புறப் படுக்க வைத்ததை வாசகர்கள் கேள்விப்பட்டிருப்பர். அது அசைவுச் சிகிச்சை அல்ல; ஆனால் முதுகுப்பக்க நுரையீரலைப் பள்ளத்திலிருந்து மேலே கொண்டுவருதல் என்ற அதே தத்துவத்தைக் கொண்டது. 2013 இல் பிரான்சிலிருந்து வெளியான ஆய்வில், நுரையீரல் மிகக் கடுமையாகப் பாதிக்கப்பட்டவர்களை நாளொன்றில் நீண்ட நேரம் குப்புறப் படுக்கவைத்தபோது, 28 நாட்களுக்குள் இறந்தோர் 33 வீதத்திலிருந்து 16 வீதமாகக் குறைந்தனர். உடல் எந்த நிலையில் கிடக்கிறது என்பதும் ஒரு மருந்தே என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டியதில்லை.

பாம்புக்கடியும் பூச்சிகொல்லியும்

எமது பிரதேசத்துக்கு மிக நெருங்கிய உதாரணம் கட்டுவிரியன் கடி. எண்ணெய்விரியன் என்றும் இதனைச் சொல்வர். இருண்ட உடலில் மெல்லிய வெள்ளை வளையங்கள் கொண்ட இப்பாம்பு, இரவில், நிலத்தில் பாய்போட்டு உறங்குபவர்களையே பெரும்பாலும் தீண்டுகிறது. கடித்த இடத்தில் வலியோ வீக்கமோ அதிகம் இருக்காது. விடியும் வேளையில் கண்மடல் சோர்ந்து, விழுங்க முடியாமல், மூச்சுத் தசைகள் செயலிழந்து போகும்.

வவுனியாவுக்கு அயல் மாவட்டமான அநுராதபுரத்தின் வைத்தியசாலையில் 1996 முதல் 1998 வரை இவ்வாறு கடியுண்ட 210 பேரை டொக்டர் குலரத்ன ஆராய்ந்து 2002 இல் எழுதினார். அவர்களில் ஏறக்குறைய பாதிப்பேருக்குச் செயற்கைச் சுவாசம் தேவைப்பட்டது. எனினும் இறந்தோர் 8 வீதத்துக்கும் குறைவு. உரிய நேரத்திற் சுவாச இயந்திரம் கிடைத்தால் மிகப் பெரும்பாலோர் பிழைக்கிறார்கள் என்பதே இதன் பொருள்.

இவர்களது நுரையீரல் தொடக்கத்தில் நல்ல நிலையில் இருக்கிறது. நஞ்சு தாக்கியது நரம்பும் தசையும் சந்திக்கும் இடத்தையே. அந்தச் சேதம் நாட்கள் செல்ல ஆறிவிடும். அதுவரை, இருமவோ புரளவோ முடியாமற் கிடக்கும் அவரது நுரையீரலைச் சளி அடைக்காமலும் கிருமி பற்றாமலும் காக்க வேண்டும். ஆகவே முதல் நாட்களில் தலைப்பக்கம் உயர்த்துவதும், பக்கம் மாற்றுவதும், சளி உறிஞ்சுவதும், மூட்டுகளை அசைப்பதுமே சிகிச்சை. விரல்களும் கழுத்தும் வலுப்பெறத் தொடங்கியதும் இருத்துகிறார்கள். இன்னொன்றையும் உறவினர் அறியவேண்டும். கண் திறக்க முடியாமற் கிடக்கும் இந்நோயாளருக்குப் பல வேளைகளில் முழு நினைவும் இருக்கும், பேசுவது கேட்கும். அவர் அருகில் நின்று "இனித் தப்பமாட்டார்" என்று அழக்கூடாது.

இங்கே ஓர் எச்சரிக்கை. பாம்பு தீண்டிய உடனே செய்யவேண்டியது இதற்கு நேர்மாறானது. கடியுண்டவர் நடக்கவோ ஓடவோ கூடாது. கடித்த கைகாலை அசையாமல் வைத்து, வெட்டாமலும் இறுக்கிக் கட்டாமலும், விரைவாக வைத்தியசாலைக்குக் கொண்டுசெல்ல வேண்டும். அசைவுச் சிகிச்சை என்பது நஞ்சுமுறி மருந்து கொடுத்து, உயிராபத்து நீங்கிய பின் வைத்தியசாலையில் நடைபெறுவது.

இரண்டாவது உதாரணம் பூச்சிகொல்லி நஞ்சு. ஓகனோபொஸ்பரஸ் வகை நஞ்சு உடலிற் சேர்ந்தால் சுவாசக் குழாய்களில் அளவுக்கு மீறிச் சளி சுரக்கும். முதல் நாள் ஆபத்து நீங்கியது என்று எண்ணியிருக்கையில், ஒன்று முதல் நான்கு நாட்களுக்குள் கழுத்துத் தசைகளும் மூச்சுத் தசைகளும் திடீரெனச் சோரலாம். இந்த "இடைநிலைச் சோர்வை" 1987 இல் முதன்முதலில் விரிவாக எடுத்துரைத்தவர்கள் எமது நாட்டு வைத்தியர்களான சேனாநாயக்கவும் கரல்லியத்தவும் ஆவர். அவ்வேளையில் நோயாளரை எழுப்பி நடத்துவது அறிவீனம். தலையணையிலிருந்து தலையைத் தூக்க முடிகிறதா என்று பார்ப்பது மூச்சுத் தசையின் வலுவை அறிய உதவும் எளிய சோதனை. வலு திரும்பத் திரும்ப ஏணியில் ஏற்றுகிறார்கள். எப்போது அசைப்பது என்பது எவ்வளவு அசைப்பது என்பதைப்போலவே முக்கியமானது என்பதை இந்த நோய் எமக்குக் கற்பிக்கிறது.

ஆய்வுகள் சொல்வது என்ன?

படுக்கையின் தீமை பற்றிய பேச்சு புதிதல்ல. 1947 இலேயே ரிச்சர்ட் ஆஷர் என்ற ஆங்கிலேய வைத்தியர், படுக்கையில் கிடப்பதால் உடலின் ஒவ்வோர் உறுப்புக்கும் வரும் ஆபத்துகளைப் பற்றிப் பிரித்தானிய மருத்துவ சஞ்சிகையில் எழுதினார். ஐந்து ஆண்டுகளின் பின், 1952 இல், டென்மார்க்கின் கொப்பன்ஹேகன் நகரில் இளம்பிள்ளைவாதம் பரவியபோது, மூச்சுத் தசை செயலிழந்தவர்களுக்கு ஏறக்குறைய 1,500 மருத்துவ மாணவர்கள் முறைவைத்து இரவு பகலாகக் கையினாலேயே காற்றை அமுக்கிக் கொடுத்துக் காப்பாற்றினர். இன்றைய அதிதீவிர சிகிச்சைப் பிரிவு அதிலிருந்தே பிறந்தது. காலப்போக்கில் இயந்திரங்கள் பெருக, நோயாளரை ஆழ்ந்த மயக்கத்தில் அசையாமல் வைத்திருப்பதே பாதுகாப்பு என்ற வழக்கம் வேரூன்றியது.

2007 இல் அமெரிக்காவின் யூட்டா மாநிலத்திலிருந்து வந்த அறிக்கை அந்த வழக்கத்தைக் கேள்விக்குள்ளாக்கியது. நான்கு நாட்களுக்கு மேல் இயந்திரத்தில் இருந்த 103 பேரை இருத்துதல், நடத்துதல் முதலாக 1,449 தடவைகள் செயற்படவைத்தனர். தீங்கான நிகழ்வுகள் நூற்றுக்கு ஒன்றிலும் குறைவு. தொண்டைக் குழாய் ஒருவருக்கும் வெளியே வரவில்லை. 2009 இல் இரு அமெரிக்கப் பல்கலைக்கழக வைத்தியசாலைகளில் 104 பேரிடம் செய்த ஆய்வில், இயந்திரத்தில் வைத்த முதல் சில நாட்களுக்குள்ளேயே அசைவுச் சிகிச்சை பெற்றவர்களில் 59 வீதமானோர் தம் வேலைகளைத் தாமே செய்யும் நிலையில் வைத்தியசாலையை விட்டு நீங்கினர். வழமையான சிகிச்சை பெற்றோரில் இது 35 வீதமே. முதற்குழுவினர் இயந்திரமின்றித் தாமே மூச்சுவிட்ட நாட்களும் ஏறக்குறைய இரண்டு கூடுதலாக இருந்தன. மனக்குழப்ப நிலையில் கிடந்த நாட்கள் பாதியாகக் குறைந்தன.

ஆனால் கதை இத்துடன் முடியவில்லை. நல்லது என்றால் இன்னும் கூடுதலாகச் செய்தால் இன்னும் நல்லதா? 2022 இல் வெளியான, ஆறு நாடுகளில் 750 பேரைக் கொண்ட பெரும் ஆய்வு இக்கேள்வியை எடுத்துக்கொண்டது. ஒரு குழுவினர் நாளொன்றுக்குச் சராசரியாக 21 நிமிடமும், மற்றவர்கள் வழமைப்படி 9 நிமிடமும் அசைவுப் பயிற்சி பெற்றனர். ஆறு மாதங்களின் பின் இரு குழுவினருக்கும் இடையில் சொல்லத்தக்க வேறுபாடு இல்லை. இதயத் துடிப்பு மாறுதல், ஒட்சிசன் இறங்குதல் போன்ற தீங்குகள் கூடுதலாக அசைத்த குழுவில் 9 வீதத்தினருக்கும் மற்றதில் 4 வீதத்தினருக்கும் நேர்ந்தன. பாரிசவாத நோயாளர் 2,104 பேரிடம் செய்து 2015 இல் வெளியிட்ட ஆய்விலும், முதல் 24 மணித்தியாலங்களுக்குள் அதிகமாக எழுப்பியவர்களின் நிலை சற்றுப் பின்தங்கியே இருந்தது.

இவற்றை ஒன்றுக்கொன்று முரணானவை என்று கொள்ளத் தேவையில்லை. 2022 ஆய்வில் குறைவாக அசைத்த குழுவினரும் படுக்கையில் கைவிடப்பட்டவர்கள் அல்லர். அவர்களும் விழிப்போடு வைக்கப்பட்டு, அன்றாடம் அசைக்கப்பட்டவர்களே. ஆகவே நாம் எடுத்துக்கொள்ளும் பாடம் இதுதான்: அசையாமற் கிடப்பது தீங்கு; அளவோடு, நிலை அறிந்து அசைப்பது நன்மை; அவசரப்பட்டு அளவுக்கு மீறிச் செய்வது ஆபத்து. பயிருக்கு நீர் வேண்டும் என்பதற்காக வாய்க்காலை உடைத்துவிடுவார் யாருமில்லை.

எழுப்பக் கூடாத வேளைகள்

குருதியமுக்கம் நிலைகொள்ளாமல் பலத்த மருந்துகளால் தாங்கப்படும்போது, மிக அதிக ஒட்சிசன் கொடுத்தும் போதாமலிருக்கும்போது, குருதிப்பெருக்கு நிற்காதபோது, முள்ளந்தண்டு முறிவு உறுதிப்படுத்தப்படாதபோது, மூளையில் அமுக்கம் கூடியிருக்கும்போது, வலிப்பு அடங்காதபோது கட்டிலை விட்டு எழுப்பமாட்டார்கள். கண்ணாடிவிரியன் எனும் முத்திரைப் புடையன் கடித்துக் குருதி உறையாத நிலையில் இருப்பவரும் இதில் அடங்குவார்.

2014 இல் பல நாட்டு நிபுணர்கள் கூடி, வீதிச் சமிக்ஞை விளக்குப்போலப் பச்சை, மஞ்சள், சிவப்பு என இந்த நிலைமைகளை வகுத்தனர். வைத்தியர், தாதியர், இயன்மருத்துவர் ஆகியோர் ஒவ்வொரு நாளும் சேர்ந்து பார்த்தே முடிவெடுக்கிறார்கள். நேற்று இருத்தியவரை இன்று படுக்கவைத்தால் நோய் கூடிவிட்டது என்று உறவினர் உடனே கலங்க வேண்டியதில்லை, காரணத்தைக் கேட்டறியலாம்.

உறவினர் செய்யக்கூடியவை

இச்சிகிச்சைக்கு விலையுயர்ந்த கருவி கட்டாயமில்லை. தலையணை, கைப்பிடியுள்ள கதிரை, பயிற்சி பெற்ற கைகள், பொறுமை ஆகியவையே முதல் தேவை. ஆனால் கைகளுக்குத்தான் தட்டுப்பாடு. 2022 பொருளாதார நெருக்கடிக்குப் பின் வைத்தியர்களும் தாதியரும் பலர் நாட்டைவிட்டுச் சென்றனர். எஞ்சியவர்கள் மேல் பாரம் கூடியது. எனவே குடும்பத்தின் பங்கு முன்னரைவிடப் பெரிது.

பார்வையிடும் நேரத்தில் நோயாளரின் பெயரைச் சொல்லிப் பேசுங்கள். இன்று என்ன நாள், காலையா மாலையா, வீட்டில் யார் எப்படி இருக்கிறார்கள் என்று சொல்லுங்கள். அவரது மூக்குக்கண்ணாடி, கேட்கும் கருவி இருந்தால் தாதியிடம் கொடுங்கள். நினைவு தெளிவாக உள்ளவரே பயிற்சிக்கு ஒத்துழைப்பார். "இன்று எந்தப் படி? நாங்கள் எதில் உதவலாம்?" என்று இயன்மருத்துவரிடம் கேளுங்கள். அவர் காட்டித் தந்தால் விரல்களையும் மணிக்கட்டையும் அசைத்துவிடலாம்.

செய்யக் கூடாதவையும் உண்டு. கேளாமல் நோயாளரைத் தூக்கி இருத்தவேண்டாம். குழாய்கள் கழன்றால் உயிராபத்து. பாசத்தினால் தண்ணீரோ கோப்பியோ வாயில் ஊற்றவேண்டாம். விழுங்கும் தசை சோர்ந்தவருக்கு அது நேரே நுரையீரலுக்குள் போகும். பயிற்சியின்போது அவர் முகம் சுளித்தால், "வேண்டாம், விடுங்கோ" என்று குறுக்கிடாமல், "ஐயா, இன்னும் கொஞ்ச நேரம், நல்லாச் செய்யிறியள்" என்று உற்சாகப்படுத்துங்கள். உங்கள் குரல் அவருக்குப் பெரும் பலம்.

வீடு திரும்பிய பின்

வைத்தியசாலையில் பெற்ற முன்னேற்றத்தை நாம் இழப்பது பெரும்பாலும் வீட்டிற்தான். அதிதீவிர சிகிச்சைப் பிரிவில் இருந்து மீண்டவருக்குத் தசைச் சோர்வும், சிறு வேலைக்கே மூச்சிரைப்பும், மறதியும், கெட்ட கனவுகளும் மாதக்கணக்கில் இருக்கலாம். அவரை அறையின் மூலையில் படுக்கவைத்து, சாப்பாட்டையும் படுக்கைக்கே கொண்டுபோய்க் கொடுத்தால், பள்ளக்காணியில் மீண்டும் நீர் தேங்கும்.

சாப்பாட்டு வேளைகளில் கதிரையில் நிமிர்ந்திருக்கச் செய்யுங்கள். வைத்தியசாலையில் காட்டித் தந்த ஆழ்மூச்சுப் பயிற்சியை விழித்திருக்கும் நேரத்தில் அடிக்கடி செய்யவையுங்கள். மூன்று பந்துகள் எழும்பும் சிறு கருவி தந்திருந்தால் அதைப் பிள்ளைகள் விளையாட எடுக்காமற் பாருங்கள். நடையைத் தூரத்தால் அளந்து கூட்டுங்கள்: முதலில் வாசல் வரை, பிறகு கிணற்றடி வரை, பிறகு படலை வரை. நடக்கும்போது ஒரு வசனம் பேச முடியவேண்டும். பேச முடியாத அளவு மூச்சிரைத்தால் இருந்து இளைப்பாறவேண்டும். படுக்கையை அடுப்புப் புகை படாத இடத்துக்கு மாற்றுங்கள். குப்பையும் வைக்கோலும் எரிக்கும் புகையும் சிகரெட், பீடி, சுருட்டுப் புகையும் அவர் பக்கம் வரக்கூடாது. மெலிந்த தசை மீள வளர முட்டை, மீன், பயறு, கடலை போன்ற புரத உணவு வேண்டும். பத்தியம் என்று கஞ்சி மட்டும் கொடுத்துப் பட்டினி போடுவது பயிற்சியின் பயனைக் கெடுக்கும்.

இருந்தபடியே மூச்சு முட்டுதல், உதடு நீலம் பாரித்தல், நெஞ்சு நோ, காய்ச்சலோடு நிறம் மாறிய சளி, ஒரு கால் மட்டும் திடீரென வீங்கி நோதல் ஆகியவை ஆபத்தின் அறிகுறிகள். தாமதியாமல் 1990 இலவச அம்புலன்ஸை அழையுங்கள்.

கிராமத்தின் கடமை

யோவான் நற்செய்தியில், முப்பத்தெட்டு ஆண்டுகள் நோயுற்றுக் கிடந்த மனிதர் ஒருவர், தம்மைக் குளத்தில் இறக்கிவிட யாருமில்லை என்று முறையிடுகிறார். எமது ஊர்களிலும் அந்த முறைப்பாடு கேட்கிறது. கிளிநொச்சியிலோ வவுனியாவிலோ முல்லைத்தீவிலோ மாவட்ட வைத்தியசாலையிலிருந்து உட்கிராமத்துக்குத் திரும்பும் ஒருவர், தொடர்சிகிச்சைக்குப் பேருந்தில் ஏறி இறங்க முடியாமலே அதைக் கைவிடுகிறார். கணவனை இழந்து தனித்துக் குடும்பத்தைச் சுமக்கும் பெண்கள் கூலிவேலைக்குப் போனால், நோயாளரை எழுப்பி நடத்த வீட்டில் ஆளில்லை.

இங்கேதான் பங்குச் சமூகமும் மாதர் கிராம அபிவிருத்திச் சங்கமும் முதியோர் சங்கமும் செய்யக்கூடியது உண்டு. கைப்பிடியுள்ள ஒரு நல்ல கதிரை, நடைச்சட்டம் ஒன்று, சக்கர நாற்காலி ஒன்று ஆகியவற்றைச் சங்கத்தின் பொதுச் சொத்தாக வாங்கி, தேவையான வீட்டுக்கு முறைவைத்துக் கொடுக்கலாம். சிகிச்சை நாளுக்கு முச்சக்கரவண்டி ஒழுங்கு செய்யலாம். நோயாளரைச் சந்திக்கப் போகிறவர்கள் கட்டிலைச் சுற்றி இருந்து அனுதாபம் சொல்லித் திரும்பாமல், அவரது கையைப் பிடித்துக் கிணற்றடி வரை ஒருமுறை நடத்திவிட்டு வரலாம். கிழமைக்கு ஏழு வீட்டார் ஆளுக்கு ஒரு நாள் என்று முறைவைத்தாற் போதும். நடையும் தவறாது, அந்தப் பெண்ணின் ஒரு நாட் கூலியும் போகாது.